ஹேண்ட்பால் சிறுமிகளின் ஓட்ட வேகத்தையும் அனரோபிக் பவரையும் மைதானத்திலேயே அளக்கும் முறை

பந்து கைமாறியதும் எதிர்க் கோலை நோக்கிப் பாயும் ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். மூச்சு திரும்புமுன் தடுப்பதற்கு ஓடி வரவேண்டும். அதனால் இரண்டை அளக்கிறோம்: ஒற்றை ஓட்டத்தின் வேகம், அதைத் திரும்பத் திரும்ப ஓடும் திறன். இரண்டாவதைக் காட்டுவதுதான் அனரோபிக் பவர், அதாவது ஆக்சிஜனை நம்பாமல் சில நொடிகளுக்கு உடல் வெளிப்படுத்தும் ஆற்றல்.

முதலில் இடம்

ஹேண்ட்பால் களத்தின் நீளம் 40 மீட்டர். இரண்டாவது சோதனைக்கு 35 மீட்டர் ஓடவேண்டும்; அங்கே ஓடினால் நிற்க மிச்சம் 5 மீட்டர்தான், அதற்கப்பால் சுவர். வளரிளம் பெண்களுக்கு இந்த ஆட்டத்தில் முழங்கால் தசைநார்க் காயம் அதிகம். சடாரென நிற்க வைக்கவே கூடாது. திறந்த, வழுக்காத தரையில் 35 மீட்டரை டேப்பால் அளந்து கோன் வையுங்கள். இரு முனையிலும் குறைந்தது 10 மீட்டர் காலியாக இருக்கட்டும்.

எடை

ஓடப்போகும் உடையோடும் ஷூவோடும் எடை பாருங்கள். ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பாருங்கள், எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். அந்த வயதில் அது ஆழமாகக் காயப்படுத்தும்.

30 மீட்டர் ஓட்டம்

10–15 நிமிடம் வார்ம்-அப், கடைசியில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே இரண்டு மூன்று ஓட்டங்கள். கோட்டுக்கு 50 செ.மீ. பின்னால், நின்ற நிலையில் புறப்பட வேண்டும். மூன்று வாய்ப்பு, இடையில் 3 நிமிட ஓய்வு, சிறந்த நேரத்தை எடுங்கள்.

டைமிங் கேட் (ஒளிக்கதிரை ஓடுபவர் வெட்டும்போது நேரம் பதியும் கருவி) இருந்தால் இடுப்பு உயரத்தில் வையுங்கள். மேலே வைத்தால் வீசும் கை உடம்புக்கு முன்பே கதிரை வெட்டிவிடும். ஸ்டாப்வாட்ச் நேரம் பொதுவாகக் கேட் காட்டுவதைவிட 0.2 நொடி வரை குறைவாக வரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

ராஸ்ட்: 35 மீட்டர் × 6

ராஸ்ட் (RAST) என்பது ஓட்டத்தாலேயே அனரோபிக் பவரை அளக்கும் சோதனை. குறைந்தது 10 நிமிட ஓய்வுக்குப் பிறகு, ஆறு முறை முழு வேகத்தில், போய் வந்து. ஒவ்வொன்றுக்கும் இடையே 10 நொடி. ஒருவர் ஓட்ட நேரத்தையும் இன்னொருவர் ஓய்வையும் பார்க்கட்டும். 'மூணு, ரெண்டு, ஒண்ணு' என எண்ணியே புறப்பட வைக்கவேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கணக்கு:

பவர் (வாட்) = எடை × 35² ÷ நேரம்³

52 கிலோ சிறுமி 6.00 நொடியில் ஓடினால் 52 × 1225 ÷ 216 = 295 வாட். அதே ஓட்டத்தை 5.90 என்று குறித்துவிட்டால் 310! கணக்கில் நேரத்தை அதனாலேயே மூன்று முறை பெருக்குவதால் (நேரம் × நேரம் × நேரம்), விரல் 0.1 நொடி தவறினாலே 15 வாட் பொய்யாகக் கூடிவிடும். ஸ்டாப்வாட்சை அனுபவமுள்ளவரிடம், எல்லா முறையும் அதே ஆளிடம் கொடுங்கள்.

களைப்புக் குறியீடு = (அதிகப் பவர் − குறைந்த பவர்) ÷ ஆறு ஓட்டங்களின் மொத்த நேரம். கடைசி ஓட்டம் 6.60 என்றால் 222 வாட்; ஆறின் மொத்தம் 37.83 நொடி என்றால், (295 − 222) ÷ 37.83 = 1.93.

ஏமாற்றும் இடம்

ஆறு ஓட்டம் என்று தெரிந்ததும் பலர் முதல் இரண்டில் வேகத்தை அடக்கி வைப்பார்கள். குறியீடு அழகாகக் குறைந்து தெரியும், ஆனால் அது தாக்குப்பிடிக்கும் திறன் அல்ல. முன்பே ஒருநாள் அவளை ஒரே ஒரு 35 மீட்டர் ஓடவைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ராஸ்டின் முதல் ஓட்டம் அதைவிட 5 சதவீதத்துக்கு மேல் மெதுவானால் நிறுத்தி, 5 நிமிடம் ஓய்வு தந்து மறுபடி தொடங்குங்கள்.

வளரும் பிள்ளைக்கு எடை கூடினாலே வாட்டும் கூடும். எனவே கிலோவுக்கு எத்தனை வாட் என்றும் எழுதுங்கள் (295 ÷ 52 = 5.7). மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கும்போது, பழைய எடையைப் போடாமல் அன்றைக்கே எடை பாருங்கள்.