கத்தரிப் பாத்தியில் முளைத்தது என்ன கீரை?

மழைக்கு அப்புறம், மாட்டெரு போட்ட கத்தரிப் பாத்தியில் ஒரு செடி தரையோடு தரையாகப் படர ஆரம்பித்தது. சிவந்த தண்டு, வட்ட இலை, கொஞ்சம் சதைப்பற்று. பக்கத்து வீட்டு அக்கா பருப்புக்கீரை என்றார், அம்மா மூக்கிரட்டை என்று அடித்துச் சொன்னார், போனில் படம் எடுத்துத் தேடினால் படத்துக்கு ஒரு பெயர் வந்தது. பெயர் தெரியாமல் குழம்பில் போடவா முடியும்?

இலையை மட்டும் வைத்துப் பார்த்ததுதான் என் தப்பு. மூக்கிரட்டை, அதைப் போலவே படரும் இன்னொரு செடியான சாரணை, இரண்டிலுமே எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும்தான் இருக்கும். சரி என்று ஒரு செடியைப் பிடுங்காமல் விட்டு, பூ வரும்வரை பொறுத்தேன். பருப்புக்கீரை என்றால் பூ மஞ்சளாக இருக்க வேண்டும், இது வெளிர் ரோஜா நிறம், அதனால் அக்காவின் கட்சி அங்கேயே தோற்றது. மூக்கிரட்டைக்குப் பொடிப்பொடிப் பூக்கள் மெல்லிய காம்புகளில் கிளைத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், காய் துணியில் ஒட்டும். இதிலோ காம்பே இல்லாமல், இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கில், பாதி ஒளிந்தபடி ஒற்றைப் பூ. சந்தேகமே இல்லை, சாரணை.

அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கருப்பு விதை கொட்டினால் பாத்தி முழுக்க அதுவாகிவிடும் என்பதால் காய் முற்றுவதற்குள் வேரோடு பிடுங்கி, ஈரம் போகக் காயவைத்து, கத்தரிக்கே மூடாக்காக, மண்ணை மூடும் போர்வையாக, போட்டுவிட்டேன்.