மலேசியாவில் கார் காப்புறுதி: ஊர் பாலிசி ஞாபகத்தில் கையெழுத்து போடாதீர்கள்

வேலைக்குப் புதிதாக வந்து இறங்கியவர்கள் கார் வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி, "எந்த கம்பெனியில் காப்புறுதி விலை குறைவு?" என்பதுதான். ஒரே காருக்கு, ஒரே அளவு பாதுகாப்புக்கு, கம்பெனிக்குக் கம்பெனி வரும் வித்தியாசம் பெரும்பாலும் சில நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். பல்லாயிரம் ரிங்கிட் போவது வேறு வழியில். தமிழ்நாட்டில் எடுத்த பாலிசியில் இருந்ததெல்லாம் இங்கேயும் இருக்கும் என்று நம்பி, பாலிசியில் எது அடங்கும் என்று குறித்திருக்கும் அட்டவணைப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்து போடுகிறோமே, அந்த வழியில்.

அலுவலக நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கார் என்றால் முதலில் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற வாகனச் சோதனை நிலையத்தில் உரிமை மாற்றச் சோதனை. பிறகு உங்கள் பெயரில் காப்புறுதி. அதன் பிறகு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) விற்பவரும் வாங்குபவரும் கைரேகை வைத்துப் பெயர் மாற்றம். கடைசியாக ரோட் டேக்ஸ். காப்புறுதி இல்லாமல் ரோட் டேக்ஸ் கிடைக்காது. விவரங்கள் கம்பெனியிலிருந்து நேராக ஜேபிஜே கணினிக்குப் போய்விடும். வெளிநாட்டவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜேபிஜே பதிவில் உங்கள் அடையாளம் பாஸ்போர்ட் எண்தான். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறும். புது எண்ணை முதலில் ஜேபிஜே கவுன்டரில் பதிவு செய்துவிட்டு, பிறகு காப்புறுதியைப் புதுப்பியுங்கள். மாற்றிச் செய்தால் எண் பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பும். பழைய எண்ணில் சேர்ந்திருக்கும் என்சிடியை, அதாவது கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடியை, தேடி எடுப்பதும் இழுபறியாகும்.

"காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருக்கிறேன், எல்லாம் அடங்கும்"

நம்மவர்களை அதிகம் வீழ்த்துவது இந்த நம்பிக்கைதான். காம்ப்ரிஹென்சிவ் என்பது மூன்றாம் நபருக்கு மட்டுமல்லாமல் உங்கள் காருக்கும் சேர்த்த காப்பு. ஊரில் பேக்கேஜ் பாலிசி எடுத்தால் வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். வெள்ளத்துக்கென்று தனியாகக் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு இல்லை. மலேசியாவின் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் மோதல், தீ, திருட்டு உண்டு, வெள்ளம் கிடையாது. புயல் கிடையாது, நிலச்சரிவு கிடையாது. இவற்றுக்கு 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியே பணம் கட்டிச் சேர்க்க வேண்டும்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டின் மேல்மாடி வரை மக்கள் ஏறி நின்றார்கள். வாசலில் நின்ற கார்கள் முழுகிப் போயின. 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கில் ஒரே இரவு மழையில் ஜார்ஜ்டவுனும் செபராங் பிறையும் தண்ணீரில் நின்றன. இரண்டு சமயங்களிலும் காம்ப்ரிஹென்சிவ் வைத்திருந்தும் ஒரு காசும் பெறாதவர்கள் ஏராளம். காரின் கடன் மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மாடி அடுக்ககத்தில் இருக்கிறேன், எனக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரில் முதலில் நிறைவது அடித்தள வாகன நிறுத்தம்தான்.

மரம் விழுவதும் இதே கணக்கில்தான் வருகிறது. மேலிருந்து பொருள் விழுந்தால் சாதாரண பாலிசி ஏற்கும். ஆனால் புயல், காற்று, வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் விழுந்தது என்றால் ஸ்பெஷல் பெரில்ஸ் கேட்பார்கள். கோலாலம்பூரின் மாலை மழையில் மரம் எந்தக் காரணத்தால் சாய்ந்தது என்று வாதாடி உங்களால் ஜெயிக்க முடியாது. 2024 மே மாதம் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து பல வண்டிகளை நசுக்கியது. ஓர் உயிரும் போனது. நகரின் நடுமையத்தில், பட்டப்பகலில்.

விலை என்ன? பழைய கட்டண முறையில் காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு. 40,000 ரிங்கிட் கார் என்றால் 200 ரிங்கிட். இன்று கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, பல இடங்களில் இதைவிடக் குறைவு. ஆனால் மலிவாகத் தரும் சில திட்டங்களில் முழுத் தொகையும் கிடைக்காது. ஒரு வரம்போடு நிறுத்திவிடுவார்கள். ஆகவே "வெள்ளம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல் "வெள்ளத்தில் கார் முழுதாகப் போனால் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் அட்டவணையில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏஜென்டின் வாட்ஸ்அப் வாக்குறுதி உதவாது.

தண்ணீர் புகுந்த காரை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே முறை சாவியைத் திருப்பியதிலேயே எஞ்சினின் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். அது வெள்ளச் சேதமா, நீங்கள் செய்த சேதமா என்ற தகராறு வேறு. நம்பர் பிளேட்டும் தண்ணீர் நின்ற மட்டமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். போலீஸ் ரிப்போர்ட் கொடுங்கள். பாலிசியில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்து அவர்கள் இழுவை வண்டியையே வரவழையுங்கள்.

அண்ணன் பெயரில் கார், ஓட்டுவது நான்

வெளிநாட்டவருக்கு வங்கிக் கடன் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் இங்கே குடியுரிமை உள்ள உறவினர் பெயரிலோ நண்பர் பெயரிலோ கார் எடுத்து மாதத் தவணையை நாம் கட்டுவது வழக்கமாகிவிட்டது. அன்பில் செய்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காப்புறுதி பதிவு உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். கார் திருடு போனாலும் முழுதாக நசுங்கினாலும் பணம் முதலில் கடன் கொடுத்த வங்கிக்கு, மீதி பதிவு உரிமையாளருக்கு. ஐந்து ஆண்டு நீங்கள் கவனமாக ஓட்டிச் சேர்த்த என்சிடியும் அவருக்கே. உங்கள் பெயர் ஓட்டுநர் பட்டியலில் இல்லாவிட்டால் ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 400 ரிங்கிட் உங்கள் கையிலிருந்து. ஊர் பாலிசியில் ஓட்டுநர் பட்டியல் என்று ஒன்று கிடையாது, இங்கே உண்டு. பாலிசி எடுப்பவரையும் சேர்த்து இருவர் பெயர் பொதுவாக இலவசம், அதற்கு மேல் ஒரு பெயருக்கு 10 ரிங்கிட் என்பது நெடுநாள் வழக்கம். மனைவி ஓட்டுவார் என்றால் இன்றே சேர்த்துவிடுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவரோ 'பி' லைசென்ஸ்காரரோ (புதிதாக லைசென்ஸ் பெற்றவர்) ஓட்டினால், பெயர் இருந்தாலும் அந்த 400 உண்டு.

இதைவிட மோசமானது சம்போங் பாயார். "முன்பணம் கொஞ்சம் கொடு, மீதித் தவணையை நீ கட்டு, காரை வைத்துக்கொள்" என்று முகநூலில் விளம்பரம் வரும். வங்கியின் அனுமதியில்லாமல் தவணைக் கொள்முதல் காரைக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். அந்தக் காரில் உங்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. உங்கள் பெயரில் காப்புறுதி எடுக்கவே முடியாது, ஜேபிஜே பதிவோடு பொருந்தாது. விபத்தில் கார் போனாலோ, வங்கி ஆள் வந்து இழுத்துப் போனாலோ, கட்டிய பணம் திரும்பாது. விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் தொடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பும் சக ஊழியரிடம் கார் வாங்குவோர் இன்னொன்றில் சிக்குகிறார்கள். இந்தியாவில் வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வந்துவிடும். இங்கே பாலிசி ஆளோடு போய்விடும், வண்டியோடு வராது. ரோட் டேக்ஸில் இன்னும் எட்டு மாதம் மிச்சம் இருக்கிறது என்பதற்காகக் காப்புறுதியும் இருக்கிறது என்று எண்ணி ஓட்டினால், அது காப்புறுதியே இல்லாத கார். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி அபராதமோ சிறையோ வரலாம், லைசென்ஸும் பறிபோகும். ஒருவர் காயப்பட்டுவிட்டால் இழப்பீடு முழுதும் உங்கள் தலையில்.

என்சிடி: கணக்குப் போட்ட பிறகே கிளெய்ம்

கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் தள்ளுபடி ஏறும்: 25, 30, 38.33, 45, கடைசியில் 55 விழுக்காடு. இந்தியாவின் 50ஐவிட இது அதிகம். ஆனால் அங்கே சேர்த்தது இங்கே தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. சுழியத்திலிருந்து தொடங்கத் தயாராக வாருங்கள். ஒரு கிளெய்ம் செய்தால் மறுபடியும் சுழியம். ஒரு படி இறங்குவதில்லை, அடியோடு போகிறது.

இதன் விலையைப் பலர் உணர்வதில்லை. 1400 சிசிக்குட்பட்ட கார், காப்புறுதித் தொகை 40,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவின் பழைய கட்டணப்படி முதல் ஆயிரத்துக்கு 273.80, அடுத்த ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 26 ரிங்கிட். மொத்தம் 1,287.80. 2017 ஜூலையிலிருந்து காம்ப்ரிஹென்சிவ் விலையைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்றாலும், சுமாராகக் கணிக்க இது போதும். 55 விழுக்காடு தள்ளுபடியில் நீங்கள் கட்டுவது 579.51. பம்பர் கீறலுக்குக் கிளெய்ம் செய்தால் அடுத்த ஆண்டு 1,287.80, அதற்கடுத்து 965.85, 901.46, 794.19, 708.29. பழைய 579.51க்குத் திரும்ப ஐந்து ஆண்டு ஆகும். இடையில் கூடுதலாகக் கட்டியது 1,760 ரிங்கிட். இது 8 விழுக்காடு சேவை வரிக்கு முன். அதாவது 600 ரிங்கிட் பெயின்ட் வேலைக்குக் கிளெய்ம் செய்தவர் ஆயிரத்துக்கு மேல் நஷ்டப்படுகிறார். பட்டறைக்காரர் "கிளெய்ம் போடலாம்ணே, ஃப்ரீதானே" என்பார். அவருக்குத்தான் ஃப்ரீ.

"என் மேல் தப்பில்லை, அதனால் என்சிடி போகாது" என்பது பாதிதான் உண்மை. எதிர்த்தரப்பின் தவறு என்று போலீஸ் ரிப்போர்ட்டில் நிலைத்து, அவருக்கும் செல்லுபடியாகும் காப்புறுதி இருந்தால், 'நாக் ஃபார் நாக்' முறையில் உங்கள் கம்பெனியிலேயே கிளெய்ம் செய்யலாம். என்சிடி அப்படியே இருக்கும். இடித்துவிட்டு ஓடியவர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவருக்குக் காப்புறுதி காலாவதியாகியிருந்தாலோ, உங்கள் என்சிடிதான் பலி. ஆகவே விபத்து நடந்த இடத்திலேயே எதிர் வண்டியின் எண், ஓட்டுநரின் ஐசி (அடையாள அட்டை), லைசென்ஸ், இரண்டு வண்டியும் நிற்கும் நிலை எல்லாவற்றையும் படமெடுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட். சாலையோரத்தில் "செட்டில் பண்ணிக்கலாம்" என்பவரிடம் வாங்கும் இருநூறு ரிங்கிட், பிறகு ஹெட்லைட் உறையைக்கூட வாங்கப் போதாது.

அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டியை அனுப்பிவிடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடவே போடாதீர்கள். காரை அவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டால், மீட்பதற்கே கப்பம் போல ஒரு தொகை கேட்பார்கள்.

கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. 1,000 ரிங்கிட் கண்ணாடிக்குச் சுமார் 150 ரிங்கிட். அதைக் கிளெய்ம் செய்தால் என்சிடி தொடப்படாது. நெடுஞ்சாலையில் தினமும் லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு அவசியம்.

விலையைக் குறைக்கக் காப்புறுதித் தொகையைக் குறைத்துப் போடச் சொல்லும் ஏஜென்ட்டும் உண்டு. 40,000 மதிப்புள்ள காரை 30,000க்கு எடுத்தால், 55 விழுக்காடு என்சிடியில் மிச்சம் 117 ரிங்கிட். 8,000 ரிங்கிட் பழுது வந்தால் கம்பெனி முக்கால் பங்கு, அதாவது 6,000 மட்டும் தரும். 2,000 உங்கள் பங்கு. சந்தை மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இந்த வெட்டு விழும். கார் ஐந்து வயதைத் தாண்டியதென்றால் புது உதிரிபாகத்துக்கு உங்கள் பங்காக 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதில் 40 விழுக்காடு வரை கேட்பார்கள். ஊரில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுப்போமே, அதற்கு இணையாக 'பெட்டர்மென்ட் வேவர்' இங்கே உண்டு, தனிக் கட்டணத்தில்.

சிவப்புக் கார் என்றால் விலை அதிகம் என்பதெல்லாம் கட்டுக்கதை. சிசி, மதிப்பு, வயது, கிளெய்ம் வரலாறு, வசிக்கும் இடம் இவற்றைத்தான் பார்ப்பார்கள். இணையத்தில் நேரடியாக வாங்கினால் ஏஜென்ட் கமிஷனான 10 விழுக்காடு பெரும்பாலும் உங்களுக்கே கழிவாக வரும். இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காஃபுல் திட்டங்களை முஸ்லிம் அல்லாதவரும் எடுக்கலாம்.

ஓட்டுபவரின் சொந்தக் காயத்துக்கு இங்கே பாலிசியில் எதுவும் இல்லை. இந்தியாவில் உரிமையாளர் ஓட்டுநருக்கு 15 லட்சம் கட்டாயமாக இருக்கும். அந்த ஞாபகத்தில் இருக்காமல், ஓட்டுநர் பயணிகள் விபத்துக் காப்பைத் தனியே எடுங்கள். காரை கிராப் போன்ற செயலி வழி வாடகை ஓட்டத்துக்குப் பயன்படுத்தினால் அதற்கான இ-ஹெய்லிங் சேர்ப்பு இல்லாமல் கிளெய்ம் நிற்காது.

பினாங்கில் இருப்பவர்கள் நீண்ட விடுமுறை வந்தால் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குக் கிளம்பிவிடுவார்கள். பாலிசி மலேசியா, சிங்கப்பூர், புருணை வரைதான் செல்லும். தாய்லாந்துக்கு அந்நாட்டுக் கட்டாயக் காப்புறுதியை எல்லைக்கு முன்னே வாங்க வேண்டும். எல்லையின் மலேசியப் பக்கத்தில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். ஆனால் அது உங்கள் காரின் சேதத்துக்கு உதவாது. அதற்கு உங்கள் கம்பெனியிடமே தாய்லாந்து நீட்டிப்பைக் கேட்டு, கிளம்பும் நாளுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் பயணிகளுக்கான சட்டப் பொறுப்புச் சேர்ப்பு அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வே பாலத்தில் ஏறுங்கள்.