மைக்கை எடுக்கும் முன்: ஹாம் ரேடியோ நிகழ்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்கான உரிமம் கைக்கு வந்த புதிதில், ஒரு மாலை 14.100 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்து "சிக்யூ, சிக்யூ" (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) என்று விடாமல் அழைத்துக்கொண்டிருந்தேன். பேண்ட் (அலைவரிசைப் பட்டை) முழுவதும் நெரிசல், அந்த ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. நல்ல இடம் அகப்பட்டது என்று மகிழ்ந்துபோனேன். பத்து நிமிடம் கழித்து ஒரு மூத்த ஹாம் குறுக்கே வந்தார். "தம்பி, கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அங்கே கொழும்பு ஒலித்துக்கொண்டிருக்கிறது" என்றார். நிறுத்தினேன். இரைச்சலுக்கு அடியில் மோர்ஸில் ஒரு கால்சைன் (நிலையத்தின் அழைப்புக்குறி), அதன் பின் நான்கு நீண்ட கோடுகள். ஒவ்வொரு கோடும் முந்தையதைவிட மெலிந்துகொண்டே போனது.

உலகெங்கும் பரவியிருக்கும் 18 பீக்கன் (வானலை நிலையை அறியத் தானாக ஒலிக்கும்) நிலையங்களில் ஒன்றான 4எஸ்7பி அது. ஒவ்வொரு நிலையமும் 10 வினாடி ஒலிக்கும். 3 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசிக் கோடு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. எந்தக் கோடு வரை காதில் விழுகிறதோ, அந்தத் திசைக்கு வானம் அவ்வளவு திறந்திருக்கிறது என்று பொருள். உலகம் முழுவதும் ஹாம்கள் காது கொடுத்துக் கேட்கும் இடத்தில் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்டில் கலங்கரை விளக்க வார இறுதி, அக்டோபரில் சாரணர்களின் வானலை ஜம்போரி, அக்டோபர் கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் அதிக நிலையங்களோடு தொடர்பு கொண்டு புள்ளி சேர்க்கும் சிக்யூ வேர்ல்டு வைட் போட்டிகள் என்று ஆண்டின் பிற்பகுதி சங்கங்களுக்கு ஓய்வில்லாத காலம். இவற்றில் புதிதாகக் கலந்துகொள்பவர்கள் சறுக்குவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பெரும்பாலான சறுக்கல்களுக்குக் காரணம் கருவி அல்ல. கேட்காமல் பேசுவதுதான்.

நாளும் நேரமும்

எல்லா நிகழ்வுகளும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் அறிவிக்கப்படும். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சிக்யூ வேர்ல்டு வைட் சனிக்கிழமை யூடிசி 00:00 மணிக்குத் தொடங்குகிறது என்றால், இந்தியாவிலும் இலங்கையிலும் அது சனிக்கிழமை காலை 5:30. 48 மணி நேரம் நடந்து, திங்கட்கிழமை காலை 5:29க்குத்தான் முடியும். ஞாயிறு இரவு பத்து மணிக்கே ஆண்டெனாவை இறக்கிவைத்துவிட்டுப் போன சங்கங்கள் உண்டு. கடைசி ஏழு மணி நேரம், அதுவும் 40 மீட்டர், 80 மீட்டர் பேண்டுகள் உயிரோடு இருக்கும் இரவு நேரம், அப்படியே வீணாகும். ஜூலையில் நடக்கும் ஐஏஆர்யூ (பன்னாட்டு அமெச்சூர் ரேடியோ ஒன்றியம்) எச்எஃப் போட்டியின் கணக்கு வேறு. சனிக்கிழமை யூடிசி 12:00, அதாவது நமக்கு மாலை 5:30க்குத் தொடங்கி 24 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நாள் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. சிக்யூ வேர்ல்டு வைட் குரல் போட்டி அக்டோபரின் கடைசி "முழு" வார இறுதியில் நடக்கும். சனியும் ஞாயிறும் அதே மாதத்தில் இருக்க வேண்டும். 2026இல் அக்டோபர் 31 சனிக்கிழமை, மறுநாள் நவம்பர். அந்த வார இறுதி கணக்கில் வராது. போட்டி 24, 25 தேதிகளில் நடக்கும். இதைக் கவனிக்காமல் 31ஆம் தேதிக்கு மண்டபம் எடுத்து, ஜெனரேட்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தலையில் கைவைப்பது எளிது.

லாகையும் (தொடர்புகளின் பதிவேடு) யூடிசியிலேயே எழுதுங்கள். நம் ஞாயிறு அதிகாலை இரண்டு மணி, யூடிசியில் சனிக்கிழமை 20:30. கணினியில் நேர மண்டலம் தவறாக இருந்தால், இரண்டு நாள் உழைத்துச் சேர்த்த தொடர்புகள் எதிர்முனை லாகுகளோடு பொருந்தாமல் போகும். மேசையில் யூடிசிக்கு மட்டும் ஒரு தனிக் கடிகாரம் வையுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

எல்லை தாண்டும் அலை

ரேடியோவின் முகப்பில் தெரியும் எண்ணுக்குள்ளேயே நம் ஒலிபரப்பு அடங்கிவிடுகிறது என்று நம்புவது மிகப் பரவலான தவறு. எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டை) முறையில் குரல் ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். 20 மீட்டர் பேண்ட் 14.350இல் முடிகிறது. அங்கே மேல்பக்கப் பட்டையில் பேசுகிறோம், அதாவது குரல் முகப்பு எண்ணுக்கு மேலே விரியும். முகப்பு எண் 14.349 என்றால் குரலின் பெரும்பகுதி பேண்டுக்கு வெளியே போய்விடும். 14.347ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

40 மீட்டரில் நமக்கு 7.000 முதல் 7.200 வரைதான். அமெரிக்கர்களுக்கு 7.300 வரை உண்டு. அதிகாலையில் 7.230இல் ஓர் அமெரிக்க நிலையம் தெளிவாகக் கேட்கும். ஆசை தாங்காமல் அங்கேயே பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உரிம மீறல். அந்த நிலையமே "7.150இல் கேட்கிறேன்" என்பதுபோல நம் எல்லைக்குள் ஓர் இடம் சொல்லும். அங்கேதான் அழைக்க வேண்டும். 30, 17, 12 மீட்டர் பேண்டுகளில் போட்டிகளே நடப்பதில்லை. போட்டி இரைச்சல் பிடிக்காதவர்கள் ஒதுங்குவதற்கென்று உலகம் முழுவதும் விட்டுவைத்திருக்கும் நிழல் அது. அங்கே போய்ப் போட்டிப் புள்ளி தேடாதீர்கள்.

காலியாகத் தோன்றும் இடத்தையும் கேள்வி கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். குரலில் "இந்த அலைவரிசை உபயோகத்தில் உள்ளதா?" என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை, மோர்ஸ் என்றால் கியூஆர்எல், கேள்விக்குறி. ஒருமுறை கேட்டுவிட்டு அரை வினாடியில் அழைக்கத் தொடங்குவது கேட்காததற்குச் சமம். இருவர் பேசும்போது ஒருவர் உங்களுக்குக் கேட்காமல் இருக்கலாம். கேட்காதவர் பேசும் நேரம் உங்களுக்கு மௌனமாகத்தான் இருக்கும்.

பைல்-அப்பில் நாகரிகம்

அரிய நிலையம் ஒன்று வந்துவிட்டால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைப்பார்கள், இதுதான் பைல்-அப். அந்த நிலையம் ஓரிடத்தில் பேசும், சற்று மேலே கேட்கும். "அப் ஃபைவ்" என்றால் 5 கிலோஹெர்ட்ஸ் மேலே கூப்பிடு என்று பொருள். பேசும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட் பொத்தானை அழுத்த மறந்து, அது பேசும் இடத்திலேயே கூப்பிடுபவரால் அத்தனை பேருக்கும் அந்த நிலையம் கேட்காமல் போகிறது. அதைவிடக் கொடுமை, அவரைத் திருத்துகிறேன் என்று அதே இடத்தில் "அப், அப்" என்று கத்துபவர்கள். ஒருவர் செய்த இடைஞ்சலைப் பத்துப் பேர் பெருக்கிவிடுகிறார்கள். பேசாமல் இருங்கள், அவருக்கே புரியும்.

கால்சைனின் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். முழுக் கால்சைனையும் ஒரே முறை, "விக்டர் யூனிஃபார்ம்" (வி, யூ) என்று உலகம் அறிந்த ஒலிப்பெயர்களில் சொன்னால் போதும். வேறொரு கால்சைனின் பகுதியைச் சொல்லி அந்த நிலையம் கேள்வி கேட்கும்போது, உங்களுடையது இல்லையென்றால் அமைதியாக இருப்பதுதான் முறை. இதை ஒரு பண்பாகவே பார்க்கிறேன். ஒரு வரிசையில் நிற்கும் மனிதரின் தரம் அங்கே தெரிந்துவிடுகிறது.

சிக்யூ வேர்ல்டு வைடில் பரிமாறுவது சிக்னல் அறிக்கையும் சிக்யூ மண்டல எண்ணும். இந்தியா, இலங்கை இரண்டுக்கும் 22. ஐஏஆர்யூ போட்டியில் கேட்பது ஐடியூ (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) மண்டலம், அது 41. சிங்கப்பூரிலும் மேற்கு மலேசியாவிலும் இருப்பவர்களுக்குச் சிக்யூ மண்டலம் 28, ஐடியூ மண்டலம் 54. இரண்டையும் குழப்பிக்கொள்வது அனுபவசாலிகளுக்கும் நடக்கிறது, ஆகவே எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி எதிரே ஒட்டிவிடுங்கள். யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று ஹாம்கள் இணையத்தில் பகிர்ந்து திரையில் வரும் கிளஸ்டர் தகவலைச் சொடுக்கிவிட்டு, கால்சைனைக் காதால் உறுதி செய்யாமல் லாகில் ஏற்றுவதும் வேண்டாம். யாரோ தவறாகத் தட்டிய ஓர் எழுத்து உங்கள் லாகுக்கும் வந்துவிடும். அந்தத் தொடர்பு நீங்குவதோடு தண்டனையாகக் கூடுதல் புள்ளிகளும் கழிக்கப்படும்.

கணினி வழித் தொடர்பு முறையான எஃப்டி8 பற்றி இரண்டே சொல். கணினிக் கடிகாரம் ஒரு வினாடிக்குமேல் பிசகினால் தொடர்பு அமைவது கடினமாகும். ஒலி அளவை ஏற்றி ஒலி மிகையாவதைக் காட்டும் ஏஎல்சி முள்ளை ஆடவிட்டால் உங்கள் சிக்னல் அகன்று அக்கம்பக்கத்தாரைக் கெடுக்கும்.

திறந்த வெளியில் நிலையம் அமைக்கும்போது

இதில் தவறு நடந்தால் புள்ளி போவதில்லை, உயிர் போகும். கயிற்றில் கல்லைக் கட்டி வேப்ப மரத்தின் மேல் எறிந்து டைபோல் எனும் கம்பி ஆண்டெனாவை ஏற்றுவது நம் சங்கங்களின் வழக்கம். எறியும் கயிறும், சாய்ந்தால் விழும் கம்பமும், எந்தத் திசையில் போனாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் இருக்க வேண்டும். இடத்தை அண்ணாந்து பார்க்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள். மாலையில் வந்து இருட்டில் ஆண்டெனா ஏற்றும் திட்டத்தை ஏற்கவே கூடாது.

அக்டோபரும் நவம்பரும் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஐரோப்பியர் எழுதிய வழிகாட்டிகளில் இது இருக்காது. பிற்பகலில் மேகம் கறுத்தால், புள்ளிக்கணக்கு எந்த நிலையில் இருந்தாலும், ஆண்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றி அறைக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி கேட்டபிறகு கழற்றப் போவது காலம் கடந்த செயல். ஜெனரேட்டர் அறைக்குள்ளோ கூடாரத்தின் வாயிலிலோ இருக்கக் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இரண்டு நிலையங்களை அருகருகே நடத்தினால் ஒன்று மற்றொன்றைச் செவிடாக்கும். ஒலிபரப்பு அதன் மடங்கு அலைவரிசைகளிலும் கசியும்: 7.050இன் இரட்டிப்பு 14.100, மும்மடங்கு 21.150. இவை இரண்டும் பீக்கன் அலைவரிசைகள் என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு ரேடியோவுக்கும் அதன் பேண்டை மட்டும் உள்ளே விடும் பேண்ட்-பாஸ் ஃபில்டர் போட்டு, ஆண்டெனாக்களை இயன்றவரை விலக்கி வையுங்கள்.

கலங்கரை விளக்கத்தில் நிலையம் அமைக்க நினைப்பவர்கள் அனுமதிக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். ஆகஸ்ட் நிகழ்வு சுதந்திர தினத்தை ஒட்டி வருகிறது. கடலோரத்தில் கண்காணிப்பு மிகும் நாட்கள் அவை. விளக்க நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி, உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தகவல், எல்லோருடைய உரிமத்தின் நகல், வேறிடத்திலிருந்து ஒலிபரப்ப உங்கள் உரிமம் இடம் தருகிறதா என்ற சரிபார்ப்பு எல்லாம் ஒரு கோப்பில் தயாராக இருக்கட்டும். ஒருமுறை இந்தக் கோப்பு வீட்டிலேயே தங்கிவிட்டதால், அரை நாள் கடற்கரை மணலில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல நேர்ந்தது எங்களுக்கு.

குழந்தை கையில் மைக்

ஜம்போரியில் பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. தாங்களே பேசிவிடுவது. பத்து வயதுச் சாரணன் ஒருவன் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, மைக் கைக்கு வந்ததும் வாய் உறைந்து நிற்பான். உடனே நாம் பறித்துக்கொண்டு, ஆண்டெனாவைப் பற்றியும் வாட்டைப் பற்றியும் எதிர்முனை ஹாமோடு அளவளாவத் தொடங்கிவிடுகிறோம். அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

முந்தைய நாளே ஒரு தாளில் எழுதவையுங்கள். அவன் முதல் பெயர், படையின் பெயர், கேட்க விரும்பும் மூன்று கேள்விகள். "அங்கே இப்போது மழையா?" என்பது போதும். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வானலையில் போகக் கூடாது என்று சொல்லிவையுங்கள். எதிர்முனையில் பேசப்போகும் ஹாமிடம் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டுக் குழந்தைகள் திரும்புவார்கள். உரிமம் உள்ளவர் அருகிலேயே இருந்து கால்சைனை அவர்தான் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாதவர் பேசுவதற்கான விதி நாட்டுக்கு நாடு வேறு, அதையும் பார்த்துவிடுங்கள்.

விளையாட்டு நிற்கும் நேரம்

2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குச் சென்றது. நெடுங்காலம் வானலையில் வராத அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு தொடர்பு கொள்வதுதான் நோக்கம். பைல்-அப் உச்சத்தில் இருந்தபோது 26ஆம் தேதி காலை சுனாமி வந்தது. குழு எண்ணிக்கையைக் கைவிட்டு, தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்திகளைக் கடத்தத் தொடங்கியது. உலகத் தொடர்புகளுக்கென்று கொண்டுபோன அதே ரேடியோ, அதே ஆண்டெனா.

நம் கரையில் புயல் காலமும் போட்டிக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. நம் பிராந்தியத்தில் 7.110, 14.300 போன்றவை அவசரத் தொடர்புக்கான மைய அலைவரிசைகள். போட்டி வேகத்தில் அவற்றின் மேல் போய் உட்காராதீர்கள். உள்ளூர் ரிப்பீட்டரிலும் (சிக்னலை வாங்கி மறு ஒலிபரப்பும் நிலையம்) நெட்டிலும் (குறித்த நேரத்தில் ஹாம்கள் வானலையில் கூடுவது) ஒருவர் முடித்ததும் மறு நொடியே அடுத்தவர் மைக் பொத்தானை அழுத்துவது வேண்டாம். இரண்டு வினாடி இடைவெளி விட்டால்தான் உதவி தேவைப்படும் ஒருவர் உள்ளே நுழைய முடியும்.

எல்லாம் முடிந்தபின் லாக் அனுப்புவது பலருக்கு மறந்துவிடுகிறது. நூறு தொடர்புதானே என்று ஒதுக்காதீர்கள். உங்கள் லாக் வந்தால்தான் உங்களோடு பேசியவர்களின் லாகையும் சரிபார்க்க முடியும். சிக்யூ வேர்ல்டு வைடுக்கு ஐந்து நாள் அவகாசம் தருகிறார்கள். கெடு வெள்ளிக்கிழமை யூடிசி 23:59. நமக்கு அது சனிக்கிழமை விடியற்காலை 5:29.