ஊரிலிருந்து அப்பா வந்தால் லீக்ஸ்லிப்பைச் சுற்றிக் காட்டுவது எப்படி

“என்ன கண்ணு, இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்குது?”

பவானியிலிருந்து வந்த நாலாம் நாளே அப்பா கேட்டுவிட்டார். அயர்லாந்தில் டப்ளினுக்கு மேற்கே, கில்டேர் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) ஓரத்தில் இருக்கிற லீக்ஸ்லிப்பில் குடியிருப்பவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும். ஜன்னலைத் திறந்தால் அச்சடித்த மாதிரி வீடுகள். எஸ்டேட் என்று சொன்னதும் அப்பா தேயிலைச் செடியைத் தேடினார். இங்கே வீட்டு வரிசைக்குத்தான் அந்தப் பெயர்.

நான் செய்த முதல் தப்பு, அவரை நேரே மெயின் ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப் போனது. பத்து நிமிடத்தில் தெரு முடிந்துவிட்டது. திரும்பும்போது கேப்டன்ஸ் ஹில் மேட்டில் மூட்டுவலியோடு ஏறவேண்டியதாகிவிட்டது. அதனால் நடையை மேட்டில் ஆரம்பித்து இறக்கத்தில் முடியுங்கள். கூடவே, தண்ணீர் போகிற வழியாகக் காட்டுங்கள். ஊரின் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

டப்ளின் கானலி நிலையத்தில் மேனூத் போகும் ரயிலில் ஏறுங்கள். லீக்ஸ்லிப்புக்கு இரண்டு நிலையங்கள். முதலில் வருகிற கான்ஃபியில் இறங்காமல் அடுத்ததான லூயிசா பிரிட்ஜில் இறங்கவேண்டும். பயணக் கட்டணத்துக்கான லீப் கார்டை ஏறும்போது தட்டுவது எல்லாருக்கும் நினைவிருக்கும். இறங்கும்போதும் தட்டவேண்டும். அப்பாவின் கார்டை நான் தட்ட மறந்ததில் கூடுதலாகக் காசு போனது, அவர் இன்னும் மறக்கவில்லை. குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டும் நல்ல பிடிப்புள்ள செருப்பும் போதும்.

நிலையத்தை ஒட்டியே ராயல் கால்வாய். முதலில் மேற்கே, மேனூத் பக்கமாகக் கொஞ்சம் நடங்கள். கால்வாய் இங்கே ரை வாட்டர் என்ற சிற்றாற்றைத் தாண்டிப் போகிறது. மேலே நிற்கும்போது காலடியில் ஆறு ஓடுவதே தெரியாது. இவ்வளவு ஆழமான பள்ளத்தின் மேல் எதற்காகக் கால்வாயைத் தூக்கிக் கட்டினார்கள்? மேனூத் பக்கம் கார்ட்டன் மாளிகையில் இருந்த லெய்ன்ஸ்டர் பிரபு, கால்வாய் தன் ஊர் வழியாகத்தான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், அதற்காகத்தான். அப்பாவுக்கு இது உடனே புரிந்தது. ஆனால் காலிங்கராயன் பாசன வாய்க்கால் கரையில் வளர்ந்தவர் அல்லவா, “இதுல எத்தன ஏக்கரா பாயுது?” என்று கேட்டார். ஒரு ஏக்கரும் இல்லை, படகுக்காக வெட்டியது என்றேன். நின்று தண்ணீரையே பார்த்தார். “வெறும் படகுக்கா?”

அந்தப் படகுகளுக்கும் வாழ்வு நீடிக்கவில்லை. 1845-இல் ஒரு ரயில் கம்பெனி கால்வாயையே விலைக்கு வாங்கி, கரையோரமாகவே தண்டவாளம் போட்டது. நீங்கள் வந்த ரயில் அதில்தான் ஓடுகிறது. 1961-இல் மூடிய கால்வாயைச் செப்பனிட்டு 2010-இல் முழுவதுமாகத் திறந்தார்கள்.

1793-இல் இங்கே கால்வாய் வெட்டியவர்கள் தோண்டும்போது ஒரு ஊற்று கிளம்பியது. மருந்துத் தண்ணீர் என்று டப்ளின் பணக்காரர்கள் வந்து குவிந்தார்கள். லீக்ஸ்லிப் ஸ்பா என்று கேட்டால் இடம் காட்டுவார்கள். மழை பெய்திருந்தால் பெரியவர்களைப் பள்ளத்தில் இறக்காதீர்கள், வழுக்கும்.

அருகிலேயே, கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெல் கம்பெனியின் பெரிய கட்டடங்கள் தெரியும். 1989-இல் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்வரை அது குதிரை வளர்க்கும் பண்ணை. 2023 செப்டம்பரில் அங்கே ஃபேப் 34 என்ற சிப் ஆலையைத் திறந்தார்கள். முதலீடு 1,700 கோடி யூரோ. உள்ளே விடமாட்டார்கள், வெளியிலிருந்து விளக்கலாம்: சிப் செய்யும் தட்டை ஒவ்வொரு கட்டத்திலும் மிகமிகச் சுத்தமான தண்ணீரில் கழுவவேண்டும், தண்ணீர் இல்லாத ஊரில் இந்தத் தொழில் நடக்காது. நம்மைப் போன்றவர்கள் இங்கே வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் இந்தத் தொழிலால்தான்.

திரும்பிக் கிழக்கே, கால்வாய்க் கரையோடு கான்ஃபிவரை நடங்கள். சமதரை, நிதானமாகப் போகலாம். 917-இல், வடக்கிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் லெய்ன்ஸ்டர் பகுதியின் அரசனைத் தோற்கடித்துக் கொன்ற கான்ஃபிப் போர் இந்தப் பக்கம்தான். அங்கிருந்து கேப்டன்ஸ் ஹில்லில் இறங்குங்கள். வழியில் ஊர் நூலகம் இருக்கிறது, கொஞ்சம் உட்கார நல்ல இடம்.

கீழே வந்ததும் ஊர்ப்பலகையைக் காட்டுங்கள். இரண்டு மொழியில் இருக்கும். ஐரிஷில் சால்மன் மீனின் தாவல் என்று பொருள். லீக்ஸ்லிப் என்பதற்கும் அதே பொருள்தான், ஆனால் அது வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிச் சொல். அந்த மீன் கடலிலிருந்து லிஃபி ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வந்து, இங்கே இருந்த அருவியைத் தாவிக் கடக்குமாம். அருவியைத் தேடி அலையாதீர்கள். 1940-களில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணையில் மூழ்கிவிட்டது. மீனுக்கு மட்டும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கீழ் அறைக்குள் மீன் நுழைந்ததும் கதவு மூடும், உள்ளே தண்ணீர் ஏறும், மீனும் கூடவே ஏறி மேலே நீர்த்தேக்கத்துக்குள் போய்விடும். “மீனுக்கு லிப்டு” என்றார் அப்பா. அன்றைக்கு அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

ரை வாட்டர் லிஃபியில் கலக்கிற பாறைமேல் இருக்கிறது லீக்ஸ்லிப் கோட்டை. தொடக்கம் 1172. தனியார் வீடு என்பதால் எட்டிப் பார்ப்பதோடு சரி. பவானியில் ஆறுகள் சேருமிடம் கூடுதுறை, அதனால் எங்கள் ஊர்க்காரர்களிடம் “இது இவங்க கூடுதுறை” என்று சொன்னால் போதும்.

மெயின் ஸ்ட்ரீட்டில் நின்று கின்னஸ் பீரின் கதையைச் சொல்லுங்கள். ஆர்தர் கின்னஸ் 1755-இல் பீர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தது டப்ளினில் இல்லை, இந்த ஊரில். நாலு வருடத்தில் அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு டப்ளின் போய், வருடம் 45 பவுண்டுக்கு 9,000 வருடக் குத்தகை எழுதினார். இந்த ஆண்டுக்கணக்கை அப்பா இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

தெம்பு மிச்சமிருந்தால் காரில் ஒண்டர்ஃபுல் பார்ன் போய் வாருங்கள். 1740-41 பஞ்சத்துக்குப் பிறகு, ஊர் ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கேத்தரின் கானலி என்ற சீமாட்டி 1743-இல் கட்டவைத்த தானியக் களஞ்சியம். கூம்பு வடிவம், படிகள் வெளிப்புறத்தில் சுவரைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன, மொத்தம் 94. நான் போனபோதெல்லாம் பூட்டித்தான் இருந்தது. அப்பா கீழே நின்றே எண்ண ஆரம்பித்தார். படி மறுபக்கம் திரும்பியதும் அவரும் சுற்றிப் போனார். கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து வந்தார். இதற்கென்று தனியாக அரைமணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.