மொய் நோட்டும் 42 கிலோமீட்டரும்: புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மாரத்தான் ஓட ஆரம்பிப்பது எப்படி

மதுரையிலிருந்து அழகர்கோவில் 21 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 42. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். ஆக, சித்திரைக்கு வைகைக்கு வந்துவிட்டு மலைக்குத் திரும்பும் கள்ளழகர் வருசாவருசம் ஒரு மாரத்தானை முடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். என்ன, அவர் மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று நாள்கணக்கில் வருவார், நமக்குப் பெரும்பாலும் ஆறேழு மணி நேரம்தான் கெடு.

நான் பயிற்சியாளர் இல்லை, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். அதனால்தான் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் மாரத்தான் ஓடுகிறோம், அதைச் சொல்லித் தெரிந்தவர்களிடம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு கேட்கிறோம், ஏற்பாடு இவ்வளவுதான். இதில் ஓடுவதைவிடக் காசு கேட்பதுதான் கஷ்டம். அதற்கு வெளியூர்க்காரன் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம், மொய் எழுதத் தெரிந்த ஊர் இது.

முதல் வேலை: காசு எங்கே போகப்போகிறது?

ஷூ வாங்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். சிகிச்சைக்குக் கொடுப்பது வேறு, ஆராய்ச்சிக்குக் கொடுப்பது வேறு. முதலாவது ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டுக்குப் போகும், முகம் தெரியும், நன்றியும் உடனே வரும். இரண்டாவதில் முகமே தெரியாது. அதனாலேயே ஜனங்கள் தயங்குவார்கள், "ஆராய்ச்சின்னா என்னப்பா, எலிக்கு ஊசி போடுறதா?" என்று என் பெரியப்பாவே கேட்டார்.

அவருக்கு நான் சொன்னது பக்கத்து மாவட்டத்துக் கதை. 2000-த்தில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, அதாவது ஏறக்குறைய நம் வீட்டு வினிகர்தான், வெள்ளையாக மாறும் இடம் உண்டா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. அந்த ஒரே பரிசோதனையாலும் அதைத் தொடர்ந்த சிகிச்சையாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது, பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டால் 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. மேலூரில் இருந்த எங்கள் அத்தைக்கு இதே புற்றுநோய்தான். கண்டுபிடித்தபோது முற்றியிருந்தது. பெரியப்பா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, நோட்டை வாங்கி எழுதினார்.

எந்த நிறுவனம் என்பது உங்கள் விருப்பம். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கி டாக்டர் சாந்தா வாழ்நாளெல்லாம் உழைத்த அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பையில் 1941-இலிருந்து நடக்கும் டாட்டா மெமோரியல் இரண்டிலும் சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடக்கிறது. எங்கே என்றாலும் முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "இன்ன தேதியில் ஓடுகிறேன், ஆராய்ச்சிக்கு என்று குறிப்பிட்டுப் பணம் அனுப்பலாமா, எந்தக் கணக்குக்கு?" என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதில்தான் நாளைக்கு நாலு பேர் கேட்கும்போது காட்ட வேண்டியது.

இரண்டாவது: மொய் நோட்டு

நீள நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்து (வைக்காவிட்டாலும் ஓடலாம், எனக்கு வைத்தால்தான் கணக்கு நேராக வரும்) 1 முதல் 42 வரை எண் போடுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டரை ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு 1,000 ரூபாய் என்றால் 42 பேரில் 42,000. ஆயிரம் முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கிலோமீட்டர் எடுக்கட்டும். "உங்களால முடிஞ்சதைக் குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் பாதிப் பேர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுவார்கள்.

சின்னத் தொகை கேட்க வெட்கப்படவும் வேண்டாம். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிற்க வேண்டியதாயிற்று. அவர் கேட்டது கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர். அப்போது அந்த நாட்டில் சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர், 1981 பிப்ரவரிக்குள் அந்த அளவு டாலர் சேர்ந்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் மாப்பிள்ளையிடம் நோட்டை நீட்டியபோது, "ஓடுறது நீயி, வேர்க்கிறது உனக்கு, காசு மட்டும் எங்கிட்டயா மாப்ள?" என்றான். "ஒரு கிலோமீட்டர் உன் பேர்ல ஓடுறேன், எத்தனாவது வேணும்னு சொல்லு" என்றேன். "முப்பத்தொண்ணு. அங்கதான் எல்லாரும் படுத்துருவாங்களாம்ல?"

இப்போது நான் செய்த தப்பு. முதல் வருசம் எல்லாரையும் என் ஜிபே எண்ணுக்கே அனுப்பச் சொன்னேன். பால் காசு, சீட்டுப் பணம், மொய் எல்லாம் ஒரே கணக்கில் விழுந்து, பிரித்தெடுக்க மூன்று ராத்திரி ஆனது. தொழிலே கணக்கு எழுதுவது, எனக்கே இந்தக் கதி. ஆகவே பணம் உங்கள் கைக்கு வரவே கூடாது. நிறுவனத்தின் கணக்குக்கு அவர்களே அனுப்பட்டும், ரசீது எண்ணை மட்டும் நீங்கள் நோட்டில் எழுதுங்கள். வரிச்சலுகை வேண்டுமென்றால் பான் எண் கொடுத்தால்தான் சான்றிதழ் வரும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உதவும். துபாயில் இருக்கும் மச்சான் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா என்றால், வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி உள்ள நிறுவனமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது: சரி, ஓடலாம்

ஒன்றுமே ஓடாதவருக்கு எட்டு மாதமாவது வேண்டும். 35 தாண்டியவர், சர்க்கரை, பிரஷர் உள்ளவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். முதல் மாதம் அங்கே ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம் போதும். பக்கத்தில் ஓடுகிறவரோடு ஊர்க்கதை பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச்சு திக்கினால் குறையுங்கள். வாரம் நாலு நாள், ஞாயிறு மட்டும் நீள ஓட்டம். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள், நாலாவது வாரம் கொஞ்சம் குறையுங்கள். மூன்றாம் மாதம் 10, ஐந்தாம் மாதம் 21 (அழகர்கோவில் வரைக்கும் ஓடிவிட்டு பஸ்ஸில் திரும்பலாம், தோசைப் பிரசாதமும் உண்டு), ஏழாம் மாதம் 30 அல்லது 32. அதற்குமேல் பயிற்சியில் ஓட வேண்டாம். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

நம்மூர் வெயிலுக்கு நாலரை மணிக்கு இறங்கினால்தான் உண்டு. அந்த நேரத்தில் தெரு நாய்களுடையது. துரத்தினால் ஓடாதீர்கள், நின்று நடங்கள், இதற்குப் பயிற்சித் திட்டம் எதிலும் பத்தி கிடையாது. ஓடுவதற்கென்றே செய்த ஷூ ஒன்று வாங்குங்கள், 500 முதல் 800 கிலோமீட்டரில் அதன் ஆயுள் முடியும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாசலின்.

சாப்பாடும் தண்ணீரும்

உடம்பு சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து பலருக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும். மாப்பிள்ளை சொன்ன முப்பத்தொண்ணு இதுதான். ஆகவே முதல் ஒரு மணி நேரத்திலிருந்தே வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் என்று ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம்தான்.

வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயங்கி விழுவார்கள். ஓஆர்எஸ் பொட்டலம் கையில் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஜிகர்தண்டா ஓடி முடித்த பிறகு.

ஓடும் நாள்

புது ஷூ, புதுச் சட்டை, புதுச் சாப்பாடு எதுவும் அன்றைக்கு வேண்டாம். முந்தின நாள் நோட்டில் உள்ள பெயர்களை 1 முதல் 42 வரை சின்னத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் ஒரு பெயர். 26-இல் பெரியப்பா, 31-இல் நான் நடந்துதான் போனேன், அவனைத் திட்டிக்கொண்டே. 42-ஐ யாருக்கும் விற்கவில்லை, அது அத்தைக்கு, என் காசு.

முடித்த மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள், தொடைவலி கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஒரு வாரத்துக்குள் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து, மொத்தத் தொகையோடு 42 பேருக்கும் அனுப்பிவிட்டு, நோட்டை பீரோவில் பத்திரமாக வையுங்கள். அதில் எழுதியவர்கள் வீட்டில் காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வரும், நாமும் போய் எழுத வேண்டும்.