பெருநகரில் இன்டர்ன் ஆண்டு: ரேங்க் லிஸ்ட் போடும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பிப்பவர்கள் நேர்காணல்களுக்குப் பின் பிடித்த இடங்களை வரிசைப்படுத்தித் தருவதுதான் ரேங்க் லிஸ்ட். அதை மருத்துவமனைகளின் வரிசையோடு பொருத்தி இடம் ஒதுக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர்; முதலாண்டுப் பயிற்சி மருத்துவரை இன்டர்ன் என்பார்கள். நியூயார்க், சிகாகோ என்ற பெயர்களிலேயே பலர் பாதி மயங்கிவிடுகிறார்கள். அந்த மயக்கத்தில் முதலில் கவனிக்கத் தவறுவது சீட்டின் வகையை.

ஒரே மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசினுக்கு (பொது மருத்துவம்) இரண்டு விதமான சீட் இருக்கலாம். கேட்டகாரிக்கல் என்றால் மூன்றாண்டும் அங்கேயே முடிக்கலாம். பிரிலிமினரி என்றால் ஓராண்டு மட்டுமே. “உள்ளே போய்விட்டால் அடுத்த ஆண்டு கேட்டகாரிக்கலுக்கு மாறிக்கொள்ளலாம்” என்று நம்பி சர்ஜரி பிரிலிமினரியில் சேர்பவர்கள் உண்டு. பெரும்பாலும் யாராவது பாதியில் விலகினால்தான் அங்கே இடம் காலியாகும். கடந்த மூன்றாண்டு பிரிலிமினரிகள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தைக் கீழே இறக்குங்கள்.

ரேடியாலஜி, டெர்மட்டாலஜி போன்ற துறைகளில் அட்வான்ஸ்ட் சீட் இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும். முதலாண்டுக்குத் தனியாக இடம் பிடிக்க வேண்டும். இதற்காக ரேங்க் லிஸ்டில் ஒவ்வொரு அட்வான்ஸ்ட் இடத்துடனும் ஒரு துணைப் பட்டியலை இணைக்கலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியலை ஒட்டிவிடுகிறார்கள். சிகாகோ அட்வான்ஸ்ட் சீட்டுக்குச் சிகாகோ முதலாண்டு இடங்களை மேலே வைத்தால் ஓராண்டுக்குள் வீடு மாற்றும் செலவு மிச்சம். துணைப் பட்டியலே இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டு கையில் இருக்கும், முதலாண்டு இருக்காது. முடிவு வெளியாகும் மேட்ச் வாரத்தில் மிச்சமிருக்கும் இடங்களுக்கு ஓட வேண்டியதுதான்.

வெளிநாட்டு மருத்துவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. முதலாண்டு மருத்துவமனையும் அடுத்த மருத்துவமனையும் ஒரே விசா தருகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் தொடங்கியவருக்கு, இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி பொருந்தும். அதை நிறைவேற்றாமல், விலக்கும் பெறாமல் எச்-1பி என்ற வேலை விசாவுக்குப் போக முடியாது. எச்-1பி வேண்டுமென்றால் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 முன்பே தேறியிருக்க வேண்டும்.

அடுத்த தவறு, வாய்ப்பைக் கணக்குப் போட்டு வரிசையை மாற்றுவது. “இது எப்படியும் கிடைக்காது” என்று பிடித்த இடத்தைக் கீழே தள்ளாதீர்கள். பொருளியலாளர் ஆல்வின் ராத், எலியட் பெரன்சன் இருவரும் வடிவமைத்து 1998 முதல் மேட்சில் பயன்படும் முறை, விண்ணப்பதாரரின் விருப்ப வரிசையில் மேலிருந்து ஒவ்வொன்றாக முயல்கிறது. எட்டாத இடத்தை முதலில் போட்டதால் அடுத்த இடத்தில் உங்கள் வாய்ப்பு குறையாது. நேர்காணலுக்குப் பின் வரும் இனிமையான மின்னஞ்சலை வைத்தும் வரிசையை மாற்ற வேண்டாம். அது யாரையும் கட்டுப்படுத்தாது.

வேலை நேரத்தைப் பற்றி “வாரம் 80 மணி நேரத்துக்குள்தான்” என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நியூயார்க்கில் 1984-இல் நீண்ட நேரம் வேலை செய்த பயிற்சி மருத்துவர்களின் சிகிச்சையில் இருந்த லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் இறந்ததைத் தொடர்ந்து அந்த மாநிலம் 1989-இல் கொண்டுவந்த வரம்பு, 2003-இல் நாடு முழுவதுக்குமானது. ஆனால் அது நான்கு வாரச் சராசரி. 95, 95, 70, 60 என்று போனாலும் கூட்டினால் 320, சராசரி 80. ஒரே மூச்சில் 24 மணி நேரம் டூட்டி, அதற்குமேல் நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க 4 மணி நேரம் வரை போகலாம். ஆகவே சராசரியை விட்டுவிட்டு, ஓர் இன்டர்னின் உண்மையான நான்கு வார அட்டவணையைக் கேளுங்கள். “நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?” என்று கேட்டால் ரெசிடென்ட்கள் உள்ளதைச் சொல்வார்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ராத்திரி ரத்தம் எடுப்பது யார்? நோயாளியை சி.டி.-க்குத் தள்ளிக்கொண்டு போவது யார்? சில பெருநகர மருத்துவமனைகளில் இதெல்லாம் இன்டர்ன் தலையில்தான். ஒருவருக்கு 10 நிமிடம் என்றாலும் எட்டுப் பேருக்கு 80 நிமிடம். ரவுண்ட்ஸுக்கு முன் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டிய நேரம் அப்படியே கரைந்துபோகிறது. இதைக் கேட்காமல் ரேங்க் போடுவது எங்கள் பார்வையில் பெரிய பிழை.

வாடகையையும் போகிறபோக்கில் விடாதீர்கள். நியூயார்க்கில் வீட்டு உரிமையாளர்கள் பொதுவாக மாத வாடகையைப்போல் 40 மடங்கு ஆண்டு வருமானம் எதிர்பார்ப்பார்கள். சம்பளம் 80,000 டாலர் என்றால் 2,000 டாலர் வாடகைதான் எல்லை. அங்கே நகர வருமான வரியும் தனி. எத்தனை மருத்துவமனைகளுக்கு மாறி மாறிப் போக வேண்டும் என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். நியூயார்க் சப்வே இரவு முழுக்க ஓடும், பாஸ்டன் ரயில் அப்படி ஓடாது. 28 மணி நேர டூட்டிக்குப் பின் கார் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. களைத்துப்போனவர்கள் பாதுகாப்பாக வீடு போகப் பயிற்சித் திட்டம் வழி செய்து தர வேண்டும் என்பது விதி; அது அங்கே நடைமுறையில் எப்படி என்று விசாரியுங்கள்.

மருத்துவமனையின் நிதி நிலையையும் அங்கீகார நிலையையும் தேடிப் பாருங்கள். பிலடெல்பியாவில் ஹானிமன் மருத்துவமனை 2019-இல் மூடப்பட்டபோது 500-க்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

கெடு நாளுக்கு முன் ரேங்க் லிஸ்ட் ‘சர்டிஃபைட்’ (உறுதி செய்யப்பட்டது) நிலையில் இருக்கிறதா என்று திரையில் கண்ணால் பாருங்கள். ஏதாவது திருத்தியிருந்தால் மறுபடியும் சர்டிஃபை செய்யுங்கள்.