கிரீக் சாலட் செய்வது எப்படி? முதலில் லெட்டூஸை வெளியே எடுங்கள்

உணவகங்களில் கிரீக் சாலட் கேட்டால் பெரும்பாலும் ஒரு கிண்ணம் நிறைய லெட்டூஸ், நடுவில் குட்டிக் குட்டியாக நறுக்கிய சீஸ், மேலே கிரீம் போல ஏதோ ஒரு டிரெஸ்ஸிங் என்று வந்து நிற்கும். கிரீஸில் ஒரு தவெர்னாவில், அதாவது அங்கத்துச் சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஹோரியாட்டிகி, அதாவது கிராமத்துச் சாலட் கேட்டுப் பாருங்கள், இந்த மூன்றுமே இருக்காது. அது கோடைக்காலத்துச் சாப்பாடு. குளிர் வந்து தக்காளியின் ருசி போனதும் அங்கே பலரும் முட்டைக்கோஸ் சாலட்டுக்கு மாறிவிடுவார்கள். அடுப்பே தேவையில்லாத வேலை இது, ஆனால் பொருள் வாங்கும்போதே பாதி சமையல் முடிந்துவிடுகிறது.

இரண்டு பேருக்கு என்னென்ன வேண்டும்?

நன்றாகப் பழுத்த தக்காளி அரை கிலோ, ஒரு வெள்ளரிக்காய், பாதி பச்சைக் குடைமிளகாய், சின்னதாக ஒரு சிவப்பு வெங்காயம், கலமாட்டா என்னும் கருஊதா நிறக் கிரேக்க ஆலிவ் 10 அல்லது 12, ஃபெட்டா சீஸ் 150 முதல் 200 கிராம், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, உலர்ந்த ஆரிகானோ ஒரு தேக்கரண்டி, உப்பு. பீட்சாவோடு வரும் ஆரிகானோ பொட்டலம் வேண்டாம், அதில் உப்பும் வேறு மசாலாவும் கலந்திருக்கும்.

ஃபெட்டா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அசல் ஃபெட்டா செம்மறியாட்டுப் பாலில் செய்வது, வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேர்க்கலாம், குறைந்தது 2 மாதம் உப்பில் ஊறிப் பதப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் கிரீஸில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். டென்மார்க்கும் ஜெர்மனியும் இதை எதிர்த்து வழக்குப் போட்டு 2005-இல் தோற்றன. ஒன்றியத்துக்கு வெளியே பசும்பாலில் செய்ததையும் ஃபெட்டா என்றே விற்பார்கள், அதனால் அட்டையில் எந்தப் பால் என்று படித்துவிட்டு வாங்குங்கள். கட்டியாக, உப்புத் தண்ணீரோடு வருவதுதான் நல்லது. பனீர் போட்டால் ஆகாதா என்றால், ஆகாது, அதில் உப்பும் இல்லை புளிப்பும் இல்லை.

சரி, இனி செய்முறை.

1. வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக அரிந்து குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், காரம் தணியும்.

2. தக்காளியைப் பெரிய துண்டுகளாக, வாயில் ஒன்று போட்டால் மென்று சாப்பிடும் அளவுக்கு, அகலமான தட்டிலேயே நறுக்கிப் போடுங்கள். வழியும் சாறு ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது. இப்போதே உப்புத் தூவிவிட்டால் இன்னும் சாறு விடும், அந்தச் சாறுதான் இந்தச் சாலட்டின் டிரெஸ்ஸிங்கே. ஆனால் ஃபெட்டாவிலும் ஆலிவிலும் உப்பு இருக்கிறது, கை தாராளமாக வேண்டாம்.

3. வெள்ளரியைப் பட்டை பட்டையாகப் பாதித் தோல் சீவி, தடிமனாக அரியுங்கள். குடைமிளகாய் வளையங்களாக.

4. எல்லாவற்றையும் தக்காளியோடு சேர்த்து, ஆலிவைப் போட்டு, கையால் ஒருமுறை புரட்டுங்கள், போதும். ஆலிவில் கொட்டை இருக்கும், குழந்தைகளுக்குக் கொடுத்தால் எடுத்துவிடுங்கள். கிரீஸின் சிக்லாடிஸ் தீவுகளில் கேப்பர் என்ற செடியின் ஊறவைத்த மொக்கும் சேர்ப்பார்கள். கோடையில் பருப்புக்கீரையைக்கூடப் பச்சையாகக் கிள்ளிப் போடுகிற வீடுகள் உண்டு.

5. இப்போது ஃபெட்டா. உதிர்க்காதீர்கள், கலக்காதீர்கள்! கனமான ஒரே துண்டாக மேலே வையுங்கள், சாப்பிடுகிறவர்கள் அவரவர் முள்கரண்டியால் உடைத்துக்கொள்ளட்டும். ஆரிகானோவை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே கசக்கி அதன்மேல் தூவுங்கள், மணம் அப்போதுதான் எழும்.

6. கடைசியாக எண்ணெய். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் சாலட் வறண்டுபோகும். சிலர் சிவப்பு வைன் வினிகர் ஒரு தேக்கரண்டி விடுவார்கள், சிலர் தக்காளிப் புளிப்பே போதும் என்பார்கள். நான் இரண்டாவது கட்சி.

தட்டின் அடியில் தக்காளிச் சாறும் எண்ணெயும் ஃபெட்டா துகளும் சேர்ந்து தேங்கி நிற்கும். அதில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவதற்குக் கிரேக்கர்கள் பாப்பாரா என்று பேரே வைத்திருக்கிறார்கள், ஆகவே மொறுமொறுப்பான தோலுள்ள ரொட்டி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கிரீட் தீவுக்காரர்கள் இதையே வேறு விதமாகச் செய்வார்கள்: பார்லி ரஸ்க்கின்மேல் துருவிய தக்காளியும் சீஸும் எண்ணெயும் போட்டு டாக்கோஸ் என்பார்கள், அப்புறம் அதையும் முயன்று பாருங்கள்.

செய்தவுடன் சாப்பிட்டுவிடுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்தால் தக்காளி மணமிழந்து வெள்ளரியும் துவண்டுவிடும். மீந்த ஃபெட்டாவை மட்டும் பாக்கெட்டில் வந்த உப்புத் தண்ணீரிலேயே மூழ்க வைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.